பாலை என்னும் பெயர்

பாலை என்றதும் நம் மாணவர் நினைவில் எழுவன நீரற்ற நிலமும் பிரிவுத் துயருமே. ஐந்திணை பயின்றோர்க்கு அஃது இயல்பு. ஆயின், வன்னிக் காட்டில் வாழ்வோர்க்கு அப்பெயர் குறிப்பது, கடுங்கோடையிலும் பசுமை குன்றாது நிற்கும் ஒரு பெருமரத்தை. வறட்சியின் பெயரைத் தாங்கியே வறட்சியை வென்ற மரம் எனப் புகழத் தோன்றும். அப்புகழ்ச்சி அழகியது; ஆனால் பொருந்தாதது.

திணைக்குப் பெயர் தந்த பாலையை வெட்பாலை என்பர் அறிஞர் பலர். வெட்பாலையும் ஏழிலைப்பாலையும் அலரிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. நம் காட்டுப் பாலையோ இலுப்பைக்கும் மகிழுக்கும் உறவு. உறவற்ற இம்மரங்களுக்குப் பொதுவாயுள்ளது, கீறினாற் சுரக்கும் வெண்பாலே. தாவரநூலார் நம் பாலையை மனில்காரா எக்சாந்திரா என்பர்; இதன் பிற்பகுதி பூவின் ஆறு கேசரங்களைக் குறிப்பது. அவர்கள் கேசரத்தை எண்ணினர். நாட்டார் பாலைக் கண்டனர். இரண்டும் அறிவே.

இம்மரம் மெல்ல வளர்வது. வைரம் பாய்ந்த இதன் கட்டை நீரில் அமிழும். உத்தரத்துக்கும் புகையிரதப் பாதையின் சிலிப்பர் கட்டைக்கும் இதனை நாடினர். வைகாசி, ஆனி மாதங்களிற் பழுக்கும் சிறு மஞ்சட் பழம் தேனாய் இனிக்கும்; உண்டவர் உதட்டிற் பசையாய் ஒட்டும். வில்பத்து, யால காடுகளிற் கரடிகள் மரமேறி இதனை உண்ணும். சிங்கள மக்கள் இதனைப் பலு என்பர். திருகோணமலையிற் பாலையூற்றும் மட்டக்களப்பிற் பாலையடிவட்டையும் இப்பெயரை ஊர்ப்பெயராய்ச் சுமந்து நிற்கின்றன.

இத்துணை அண்மையில் நிற்கும் மரத்தை நம் மாணவருட் பலர் அறியார். திணைதோறும் கருப்பொருளை மனனஞ் செய்து ஒப்புவிப்பர்; பள்ளி வேலிக்கு அப்பால் நிற்கும் மரத்தின் பெயரைக் கேட்டால் வாய் திறவார். குறை அவர்களுடையதன்று. மரத்தைக் காட்டாது பெயரை மட்டும் கற்பிக்கும் நம்முடையது.

இது இலக்கியக் கல்வியின் குறை மட்டுமன்று. பெயரறியா மரம் வெட்டுண்டு வீழ்கையில் விறகு வீழ்ந்ததென்றே தோன்றும். எவர் நெஞ்சும் நோவதில்லை. பாலையோ ஒரு பகலில் வீழ்த்தக்கூடியது. அதன் இடத்தில் இன்னொன்று முதிர்ந்து நிற்பதை வெட்டியவன் காணப்போவதில்லை. ஆதலின் ஆசிரியப் பெருமக்கள் பாலைத்திணை கற்பிக்கும் நாளில் மாணவரை ஒரு பாலை மரத்தடிக்கு அழைத்துச் செல்வார்களாக. திணைப் பாலை வேறு, காட்டுப் பாலை வேறு என்பதை அங்கு விளக்குவது எளிது.