உள்ளதை உள்ளபடி

பழைய தமிழ்ப் புத்தகங்களைப் படிக்கக் கணினியைப் பழக்க, பக்கத்தை ஸ்கேன் செய்து, வரி வரியாக நறுக்கி, ஒவ்வொரு வரிப் படத்துக்கும் அதன் எழுத்துப்படியை இணையாக வைக்க வேண்டும். டெசராக்ட் என்னும் எழுத்துணரி மென்பொருள் கேட்பதும் இதைத்தான்: ஒரு படம், அதே பெயரில் ஓர் எழுத்துக் கோப்பு. உட்கார்ந்து தட்டச்சு செய்பவருக்குத்தான் இந்த வேலையின் பாடு தெரியும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் 'லை' தும்பிக்கை தூக்கி நிற்கும். 'னா'வில் கால் தனியே நிற்காமல் எழுத்தோடு ஒட்டிச் சுழிந்திருக்கும். யூனிகோடில் இரண்டு வடிவத்துக்கும் குறியீடு ஒன்றுதான் என்பதால் அதில் குழப்பமில்லை. சிக்கல் நம் கையில் இருக்கிறது. அச்சில் 'அதை சொன்னான்' என்றிருந்தால், இலக்கணம் தெரிந்த விரல் தன்னையறியாமல் ஒரு 'ச்' சேர்த்துவிடும். அந்தத் திருத்தம் இங்கே பிழை. படத்தில் இல்லாத எழுத்தைக் காண இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். ஆகவே ஒரே வரியை இருவர் தனித்தனியே அடிக்கட்டும், வேறுபட்டால் மூன்றாமவர் படத்தைப் பார்த்துத் தீர்க்கட்டும். இத்தனை கண்ணும் பொறுமையும் கேட்கும் வேலையை 'டேட்டா என்ட்ரி' என்று அடிமட்டக் கூலிக்குத் தள்ளுவது எனக்குப் பொறுக்கவில்லை. இது பதிப்பாசிரியரின் வேலை. அதற்கேற்ற சம்பளம் கொடுங்கள். தரவுத் தொகுப்பின் முகப்பில் தட்டச்சு செய்தவர்களின் பெயரைப் போடுங்கள்.