குட்மார்னிங்குக்கு மார்க் உண்டா?

எதிர் ஃப்ளாட் பையன் வங்கியில் கிளார்க். 27 வயதில் பியானோ ஆசை வந்து கிரேடு ஒன் பரீட்சைக்குப் பணம் கட்டிவிட்டான். வந்து கேட்ட சந்தேகம் ஸ்கேல் பற்றி அல்ல.

''ஸார், எக்ஸாமினரை எப்படி விஷ் பண்றது? கை குடுக்கலாமா? வயசானவரா இருந்தா கால்ல விழுந்துடலாமா?''

நியாயமான சந்தேகம்தான். நம் ஊரில் பாட்டு வாத்தியாருக்கு நமஸ்காரம் பண்ணிவிட்டுத்தான் சரளி வரிசையே. ஆனால் இது 1889-ல் லண்டனில் ஆரம்பித்த அசோசியேட்டட் போர்டின் பரீட்சை. நடப்பது சென்னையானாலும் சம்பிரதாயம் அவர்களுடையது, ரொம்ப சிம்பிள். உள்ளே போனதும் முகத்தைப் பார்த்து ஒரு 'குட்மார்னிங்', கொஞ்சூண்டு புன்னகை. அவர் கை நீட்டினால் குலுக்கலாம். நாமாக நீட்டி நம் வியர்வையில் அவருக்குப் பங்கு கொடுக்க வேண்டாம். பழத்தட்டு, ''உங்களைப் பத்தி நிறையக் கேள்விப்பட்டிருக்கேன் ஸார்'' எல்லாம்... மூச்!

''இதுக்கு மார்க் உண்டா ஸார்?''

மொத்தம் 150. மூன்று உருப்படிகளுக்குத் தலா 30. ஸ்கேலுக்கு 21, பார்த்தவுடன் வாசிக்க 21, காதுப் பரீட்சைக்கு 18. நூறு எடுத்தால் பாஸ். கூட்டிப் பாருங்கள், குட்மார்னிங்குக்கு அரை மார்க்கூட மிச்சமில்லை.

பையன் முகம் தொங்கிவிட்டது. ''அப்ப எதுக்கு ஸார் சொல்லணும்?''

அசல் ஆபீஸ் கேள்வி! மானேஜருக்கு நாம் தினமும் போடும் குட்மார்னிங் ஒரு ரிக்கரிங் டெபாசிட். இன்க்ரிமென்ட் சமயத்தில் முதிர்வடையும். அவருக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்த மறுநாளே கணக்கை மூடிவிடுவோம்.

எக்ஸாமினரிடம் அந்தக் கணக்கே கிடையாது. பாவம், அந்த மனுஷர் காலையிலிருந்து ஒரே உருப்படியைப் பல பேர் பல விதமாகத் தடுக்கி விழக் கேட்டுக்கொண்டிருப்பார். அவரையும் ஒரு மனுஷராகப் பார்த்து இரண்டு வார்த்தை. லாபம் நமக்கும் உண்டு: வாயைத் திறந்தால் அடைத்திருந்த மூச்சு வெளியே வரும், தோள் இறங்கும், விரல் இளகும். பிறகு ஸ்டூலைச் சரிசெய்துகொள்ளலாம். இரண்டு ஸ்வரம் தட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்கலாம். தப்பே இல்லை.

வாசித்து முடித்தால் சபாஷ் வராது. குனிந்து எழுதிக்கொண்டே இருப்பார். அந்த மௌனத்துக்கு அர்த்தம் தேடாதீர்கள். நிஜமான சோதனை வெளியே வரும்போதுதான். இரண்டாவது உருப்படி கவிழ்ந்திருந்தாலும், ''நேத்திக்கு ஜுரம் ஸார்'' என்று ஆரம்பிக்காமல், உள்ளே போன அதே குரலில் 'தேங்க்யூ' சொல்ல வேண்டும். ஸ்கேலைவிடக் கஷ்டம்.

2020 முதல் வீட்டிலேயே வாசித்து வீடியோ அனுப்பும் வகையும் இருக்கிறது. காமிராவுக்கு எதிரே வியர்க்கலாம், ஆனால் அது பதிலுக்குச் சிரிக்காது. பையனை நேரில் போகச் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் பியானோ வாசிக்காவிட்டாலும் பரவாயில்லை. ஒரு பைசா தேறாத வணக்கம் ஒன்றை வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லிப் பாருங்கள். ஆபீஸ் வாட்ச்மேனிடம் ஆரம்பிக்கலாம்.