வாரம் ஒரு நாடு: இரண்டு வாரத்தில் நான்கு உலகம்... ஈக்வடார் போகலாமா?

காலையில் ஸ்வெட்டரோடு பனிமலை அடிவாரம். மறுநாள் சட்டை நனைய நனைய அமேசான் காடு. நாலு நாள் கழித்து பசிபிக் கடலின் நடுவே, மனிதரைக் கண்டு பயப்படாத பல்லிகளோடு ஒரு தீவு. பாஸ்போர்ட்டில் மட்டும் ஒரே ஒரு நாட்டின் முத்திரை!

தென் அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், கொலம்பியாவுக்கும் பெருவுக்கும் நடுவில் இருக்கும் ஈக்வடார்தான் அந்த நாடு. பரப்பளவில் தமிழ்நாட்டைப் போல இரண்டு மடங்கு சொச்சம். மக்கள்தொகை சுமார் 1.7 கோடி. ஆனால், இங்கே இருக்கும் பறவை இனங்கள் மட்டும் 1,600-க்கும் மேல். நம் இந்தியாவின் பரப்பில் பன்னிரண்டில் ஒரு பங்குதான். பறவைக் கணக்கில் இந்தியாவையே முந்துகிறது.

மலை, காடு, கடற்கரை, தீவு என நான்கையும் சேர்த்து, வழிகாட்டியோடு 12 முதல் 15 நாள் வரை அழைத்துப்போகும் குழுச் சுற்றுலாக்கள் இங்கே பிரபலம். அந்தப் பயணத்தில் என்னென்ன பார்க்கலாம், எங்கே உஷாராக இருக்க வேண்டும், நாம் கொடுக்கும் பணம் யாருக்குப் போகிறது... ஒரு ரவுண்ட் பார்த்துவிடுவோம்.

முதல் உலகம்: மலை

பெரும்பாலான பயணங்கள் தலைநகர் கீட்டோவில் தொடங்கும். கடல் மட்டத்திலிருந்து 2,850 மீட்டர் உயரம். நம் ஊட்டியைவிட 600 மீட்டர் அதிகம். விமானத்தைவிட்டு இறங்கியதும் சிலருக்குத் தலைவலி, மூச்சிரைப்பு, குமட்டல் வரும். அதனால்தான் நல்ல பயணத் திட்டங்களில் முதல் நாளை ஓய்வுக்கு என்றே விட்டிருப்பார்கள். 'முதல் நாளே 4,000 மீட்டர் ரோப் கார்' என்று திட்டம் இருந்தால், அதை இரண்டு நாள் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். இதய, நுரையீரல் பிரச்னை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்பக் கூடாது.

கீட்டோவின் பழைய நகரத்தை 1978-ல், உலக பாரம்பரியச் சின்னங்களின் முதல் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது யுனெஸ்கோ. உள்ளே முழுக்கத் தங்க முலாம் பூசிய லா கொம்பான்யா தேவாலயம் இங்கேதான் இருக்கிறது.

அடுத்து, எல்லோரும் போட்டோ எடுக்கும் இடம். ஈக்வடார் என்றாலே ஸ்பானிஷில் பூமத்திய ரேகைதான். கீட்டோவுக்கு வடக்கே 30 மீட்டர் உயர நினைவுச் சின்னமும், தரையில் ஒரு மஞ்சள் கோடும் உண்டு. ஒரு கால் வட கோளத்தில், ஒரு கால் தென் கோளத்தில் என்று நின்று போஸ் கொடுப்பார்கள். ஜி.பி.எஸ். எடுத்துப் பார்த்தால் உண்மையான ரேகை அங்கிருந்து சுமார் 240 மீட்டர் தள்ளி இருக்கிறது! பக்கத்திலேயே, 'கோட்டுக்கு இந்தப் பக்கம் தண்ணீர் இடமாகச் சுழலும், அந்தப் பக்கம் வலமாகச் சுழலும்' என்று ஒரு தொட்டியை வைத்து வித்தை காட்டுவார்கள். ரசிக்கலாம்; நம்ப வேண்டாம். ஒரு தொட்டித் தண்ணீரைத் திருப்பும் அளவுக்குப் பூமிச் சுழற்சியின் விசைக்கு அங்கே வலு கிடையாது.

ஆனால், நிஜமான அறிவியல் கதை ஒன்று இந்த மண்ணில் உண்டு. பூமி துருவங்களில் நீண்டிருக்கிறதா, நடுவில் உப்பியிருக்கிறதா என்ற சண்டையைத் தீர்க்க, 1736-ல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் இங்கே வந்து ஆண்டுக்கணக்கில் மலைமலையாக அளந்தார்கள். நடுவில்தான் உப்பியிருக்கிறது என்பது உறுதியானது. அதன் பலனை சிம்பொராசோ எரிமலையில் பார்க்கலாம். உயரம் 6,263 மீட்டர்தான், எவரெஸ்ட் 8,849. ஆனால், பூமியின் மையத்திலிருந்து அளந்தால் சிம்பொராசோவின் உச்சிதான் உலகிலேயே தொலைவானது. எவரெஸ்ட்டை இரண்டு கிலோமீட்டர் வித்தியாசத்தில் ஜெயிக்கிறது!

இந்த சிம்பொராசோ சரிவுகளுக்கும் நம் நீலகிரிக்கும் ஓர் உறவு உண்டு. மலேரியாவுக்கு மருந்தான குயினைன், சின்கோனா மரத்தின் பட்டையிலிருந்து வருவது. 1860-ல் ரிச்சர்ட் ஸ்புரூஸ் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் இந்த மலைக்காடுகளில் செம்பட்டை சின்கோனாவின் விதைகளையும் கன்றுகளையும் சேகரித்தார். அவை கடல் கடந்து ஊட்டிக்கு வந்தன. நடுவட்டம் பகுதியில் சின்கோனா தோட்டங்களும் குயினைன் தொழிற்சாலையும் எழுந்த கதையின் தொடக்கம் இதுதான். இதே மரம் ஈக்வடாரின் தேசிய மரமும்கூட. இந்த மரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பயணத்தின் கடைசியில் மறுபடியும் பார்ப்போம், வேறு வேஷத்தில்.

மலைப் பகுதியில் தவறவிடக் கூடாத இன்னோர் இடம் ஒட்டவாலோ சந்தை. கிச்வா பழங்குடி மக்கள் நெய்த போர்வைகளும் போஞ்சோக்களும் சனிக்கிழமைகளில் தெருத் தெருவாக விரியும். பேரம் பேசலாம். கீட்டோவுக்கு மேற்கே மிண்டோ மேகக்காட்டில் ஹம்மிங் பேர்டுகளை ஒரு முழம் தூரத்தில் பார்க்கலாம். நம் ஊர் தேன்சிட்டு வேறு குடும்பம். ஹம்மிங் பேர்டுகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உண்டு. அதில் 130-க்கும் மேற்பட்ட இனங்கள் இந்த ஒரு நாட்டில்!

இரண்டாம் உலகம்: காடு

கீட்டோவிலிருந்து கொக்கா என்ற ஊருக்கு அரை மணி நேர விமானம். அங்கிருந்து நாப்போ ஆற்றில் மோட்டார் படகு. சில மணி நேரத்தில் நீங்கள் யாசுனி தேசியப் பூங்காவின் ஓரத்தில் இருப்பீர்கள். இந்தக் காட்டில் ஒரே ஒரு ஹெக்டேரில், அதாவது இரண்டரை ஏக்கரில், 650-க்கும் மேற்பட்ட மர இனங்களை ஆய்வாளர்கள் எண்ணியிருக்கிறார்கள். வெளியுலகத் தொடர்பே வேண்டாம் என்று ஒதுங்கி வாழும் தகாயெரி, தரோமெனானே மக்களின் வீடும் இதுதான்.

காட்டுக்குக் கீழே எண்ணெய் இருக்கிறது. அதுதான் சிக்கல்.

2007-ல் அப்போதைய அதிபர் ரஃபேல் கொர்ரேயா உலகத்திடம் ஒரு பேரம் பேசினார். 'எண்ணெயை மண்ணுக்குள்ளேயே விட்டுவிடுகிறோம். எங்களுக்கு ஆகும் நஷ்டத்தில் பாதியை, 360 கோடி டாலரை, நீங்கள் கொடுங்கள்' என்றார். ஆறு ஆண்டுகள் காத்திருந்தும், கைக்கு வந்தது ஒரு சதவிகிதம்கூட இல்லை. 2013-ல் திட்டம் கைவிடப்பட்டது. 2016-ல் எண்ணெய் எடுக்கத் தொடங்கினார்கள்.

கதை அதோடு முடியவில்லை. இளைஞர்களும் பழங்குடி அமைப்புகளும் விடாமல் போராடி, விஷயத்தை வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தார்கள். 2023 ஆகஸ்ட் 20 அன்று சுமார் 59 சதவிகிதம் பேர் 'எண்ணெய் மண்ணுக்குள்ளேயே இருக்கட்டும்' என்று வாக்களித்தார்கள். வருமானத்துக்கு எண்ணெயை நம்பியிருக்கும் ஒரு நாட்டின் மக்கள் எடுத்த முடிவு இது!

ஆனால், வாக்குப்பெட்டியில் ஜெயித்தது காட்டில் இன்னும் முழுசாக நடக்கவில்லை. மூடுவதற்குக் கொடுத்த ஓராண்டு கெடு முடியும் நேரத்தில்தான் முதல் கிணறே மூடப்பட்டது. அரசு இன்னும் பல ஆண்டுகள் வேண்டும் என்றது.

நம் சுற்றுலாப் பணத்துக்கு இங்கேதான் வேலை இருக்கிறது. 'எண்ணெய் வேண்டாம் என்றால் எதை வைத்துப் பிழைப்பது?' என்பது அந்த மக்களின் தினசரிக் கேள்வி. அதற்கு ஒரு பதிலை அன்யாங்கு என்ற கிச்வா சமூகம் காட்டியிருக்கிறது. அவர்கள் வேட்டையை நிறுத்திவிட்டு, தங்கள் நிலத்தில் தங்களுக்கே சொந்தமான விடுதியை நடத்துகிறார்கள். படகு ஓட்டுபவர், சமைப்பவர், வழிகாட்டுபவர் எல்லோரும் அந்த ஊர்க்காரர்கள். அமேசான் பகுதிக்கு விடுதியைத் தேர்ந்தெடுக்கும்போது நட்சத்திரம் எத்தனை என்று கேட்பதற்கு முன்னால், அது யாருக்குச் சொந்தம் என்று கேளுங்கள்.

மூன்றாம் உலகம்: கடற்கரை

பல குழுச் சுற்றுலாக்கள் கடற்கரையை அவசரமாகக் கடந்துவிடும். காரணம் இருக்கிறது. 2024 ஜனவரியில் குவாயாகில் நகரத்தின் ஒரு டி.வி. நிலையத்துக்குள் துப்பாக்கியோடு புகுந்த கும்பலை நேரலையில் உலகமே பார்த்தது. அதிபர் டேனியல் நொபோவா, நாட்டுக்குள் ஆயுத மோதல் நிலவுவதாக அறிவித்தார். கொலம்பியாவிலும் பெருவிலும் விளையும் போதைப்பொருள், இந்தத் துறைமுகங்கள் வழியாகக் கப்பலேறுவதுதான் பிரச்னையின் வேர். உலகிலேயே அதிகமாக வாழைப்பழம் ஏற்றுமதி செய்யும் நாடு இது. அந்தப் பழப் பெட்டிகளுக்குள் மறைத்துக் கடத்துகிறார்கள்.

இதனால் நாடு முழுவதும் ஆபத்து என்று அர்த்தமில்லை. ஆனால், எந்த ஊர், எந்தத் தெரு, எத்தனை மணிக்கு என்பது முக்கியம். வழிகாட்டியோடு போவதன் பெரிய லாபமே இந்த உள்ளூர்த் தகவல்தான். டிக்கெட் போடுவதற்கு முன் நம் வெளியுறவு அமைச்சகத்தின் அறிவுரையையும் பார்த்துவிடுங்கள்.

கடற்கரையின் பெருமை ஒன்றைச் சொல்லாமல் நகர முடியாது. 'பனாமா தொப்பி' பனாமாவில் பிறந்ததே இல்லை! மொன்டெக்ரிஸ்டி போன்ற ஈக்வடார் ஊர்களில் டோகில்யா என்ற ஓலை நாரில் கையால் பின்னுவது அது. பனாமா வழியாக விற்பனைக்குப் போனதால் பெயரைப் பறிகொடுத்துவிட்டது. 2012-ல் இந்தப் பின்னல் கலையை யுனெஸ்கோ அங்கீகரித்தது.

நான்காம் உலகம்: தீவு

கரையிலிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர் தொலைவில் கலாபகோஸ். 1835-ல் சார்லஸ் டார்வின் ஐந்து வாரம் சுற்றிய எரிமலைத் தீவுகள். நிலப்பரப்பில் 97 சதவிகிதம் தேசியப் பூங்கா. கடலில் நீந்தி மேயும் பல்லி உலகத்தில் இங்கே மட்டும்தான். பூமத்திய ரேகையைத் தாண்டி வடக்கே வாழும் பென்குயினும் இங்கேதான்.

இங்கே பூங்காவுக்குள் வழிகாட்டி இல்லாமல் பெரும்பாலான இடங்களுக்குப் போகவே முடியாது, அது சட்டம். ஒரு வழிகாட்டிக்கு 16 பேருக்கு மேல் கூடாது. விலங்குகளிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ஃபிளாஷ் போடக் கூடாது. வெளிநாட்டினருக்கான நுழைவுக் கட்டணம் 100 டாலராக இருந்தது. 2024 ஆகஸ்ட்டிலிருந்து 200 டாலர்.

'ஏன் இவ்வளவு கெடுபிடி?' என்றால், இரண்டு ஆமைக் கதைகள் போதும். பின்டா தீவின் கடைசி ராட்சத ஆமை, 'தனிமை ஜார்ஜ்'. ஜோடி தேடித் தேடி ஓய்ந்தார்கள். 2012 ஜூன் 24-ல் ஜார்ஜ் இறந்தது. அந்த இனமே முடிந்தது. எஸ்பன்யோலா தீவு ஆமைகளோ வெறும் 15 மிச்சமிருந்தன. அவற்றைக் கொண்டுவந்து பராமரித்து, இனப்பெருக்கம் செய்து, 2,000-க்கு மேல் பெருக்கிவிட்டார்கள். வேலை முடிந்து, அந்த 15 பெரியவர்களையும் 2020-ல் சொந்தத் தீவுக்கே திருப்பி அனுப்பினார்கள். தாமதித்தால் ஜார்ஜ், முன்கூட்டியே முழித்துக்கொண்டால் எஸ்பன்யோலா.

விமானம் ஏறும் முன்பே உங்கள் பையைச் சோதிப்பார்கள். பழம், விதை, செடி எதுவும் போகக் கூடாது. ஒரு விதை என்ன செய்துவிடும்? நம் சின்கோனா செய்ததைப் பாருங்கள். 1940-களில் யாரோ நல்ல எண்ணத்தில் சாந்தா குரூஸ் தீவில் நட்ட மரம் அது. இன்று ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் பரவி, தீவின் சொந்தச் செடிகளுக்கு வெயில் விழாமல் மறைக்கிறது. மலையில் தேசிய மரம். தீவில் வெட்டி ஒழிக்க வேண்டிய களை!

கிளம்பும் முன்...

* மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி: ஈக்வடாரிலிருந்து இந்தியா திரும்பும்போது சான்றிதழ் கேட்பார்கள். இல்லாவிட்டால் தனிமைப்படுத்துவார்கள். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள்.
* விசா, விமானம்: நேரடி விமானம் கிடையாது. விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. இடையில் இறங்கும் நாட்டுக்கும் டிரான்சிட் விசா தேவையா என்று பாருங்கள்.
* பணம்: 2000-லிருந்து அமெரிக்க டாலர்தான் அந்த நாட்டின் நாணயம். சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள், பெரிய நோட்டைச் சின்னக் கடைகளில் வாங்க மாட்டார்கள்.
* சாப்பாடு: சைவக்காரர்கள் பட்டினி கிடக்க வேண்டாம். சீஸும் அவகாடோவும் போட்ட உருளைக்கிழங்கு சூப், வாழைக்காய் வறுவல், மரவள்ளி ரொட்டி, சோளம் எங்கும் கிடைக்கும். மலைப் பகுதியில் 'கூய்' என்று மெனுவில் பார்த்தால், அது கினி பன்றி. உஷார்!
* ஏஜென்ட்டிடம் கேளுங்கள்: உயரம் பழக நாள் ஒதுக்கியிருக்கிறார்களா? உள்ளூர் வழிகாட்டியா? கலாபகோஸ் கட்டணம் பேக்கேஜில் சேர்ந்ததா, தனியா? காட்டு விடுதி யாருக்குச் சொந்தம்?

2008-ல் 'இயற்கைக்கும் உரிமை உண்டு' என்று அரசியலமைப்புச் சட்டத்திலேயே எழுதிய முதல் நாடு ஈக்வடார். எழுதியதைக் காப்பாற்ற முடியுமா என்ற பரீட்சை அங்கே தினமும் நடக்கிறது. அந்த நாட்டுக்குப் போகிற ஒவ்வொருவரும், எந்த விடுதியில் தங்குகிறார், யாரிடம் வாங்குகிறார் என்பதைப் பொறுத்து, அந்தப் பரீட்சையில் ஒரு மதிப்பெண்ணைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறார்.

நான்கு உலகத்தில் உங்கள் முதல் சாய்ஸ் எது மக்களே... மலையா, காடா, கடற்கரையா, தீவா? கமென்ட்டில் சொல்லுங்கள். அடுத்த வாரம் வேறொரு நாட்டில் சந்திப்போம்!