பூட்டிய வன்தட்டும் பெயரற்ற முகங்களும்

ஊர்ப் படங்களைக் காப்பாற்றப் புறப்பட்ட நம்மவர்களிற் பலர் அவற்றை இரண்டாவது முறையாகப் புதைத்துக்கொண்டிருக்கிறார்கள். கடுமையான சொல் என்று சிலர் கோபிக்கலாம். கோபிக்கட்டும், காரணத்தையும் கேட்டுவிட்டுக் கோபிக்கட்டும்.

வல்வெட்டித்துறையை எடுத்துக்கொள்வோம். அவ்வூரிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்கி, 'புளோரன்ஸ் சி. ரொபின்சன்' என்று பெயர் மாற்ற, அது வல்வை மாலுமிகளுடன் 1938இல் மசாச்சுசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. கப்பலின் பழைய பெயரும் புதிய பெயரும் நமக்குத் தெரியும். ஆனால் அக்காலத்து வல்வைப் படமொன்றைக் காட்டி, பாய்மரத்தடியில் நிற்பவர் யாரென்று கேட்டால் எத்தனை பேராற் சொல்ல முடியும்?

1987 மே மாதத்து வடமராட்சிப் படைநடவடிக்கையும், 1989 ஆகஸ்டில் இந்திய இராணுவம் பொதுமக்களைச் சுட்டுக் கொன்று வீடுகளை எரித்த நாட்களும், அடுத்தடுத்து வந்த இடப்பெயர்வுகளும் அவ்வூர் வீடுகளின் அல்பங்களில் என்ன விட்டுவைத்திருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. தப்பியவற்றிற் பல, கலியாணப் படம் என்றும் செத்தவீட்டுப் படம் என்றும் முன்னரே தபாலில் வெளிநாடு சென்றவை. அவை இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் அலுமாரிகளில் இருக்கின்றன.

இவற்றைத் திரட்டும் அன்பர்கள் ஒவ்வொரு படத்தையும் அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அளவில் வருடியெடுத்து, 'டிஃப்' கோப்பாக வன்தட்டில் ஏற்றி, அந்த வன்தட்டை அலுமாரியில் வைத்துப் பூட்டுகிறார்கள். கேட்டால், "பத்திரமாக இருக்கிறது" என்கிறார்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட தலைமுறைக்கு இந்தப் பத்திர உணர்வு இயல்பானதுதான். மூலக்கோப்புகள் இரண்டு மூன்று நாடுகளில் இருக்க வேண்டும் என்பதிலும் எனக்கு மறுப்பில்லை. என் கேள்வி வேறு: பத்திரமாக இருப்பது எது? முகங்கள் இருக்கின்றன. பெயர்கள் எங்கே?

சிதம்பராக் கல்லூரியின் பழைய வகுப்புப் படமொன்றில் இடமிருந்து மூன்றாவதாக நிற்கும் பையனைப் பெயர் சொல்லி அழைக்கக்கூடியவருக்கு இன்று எண்பது வயதைத் தாண்டியிருக்கும். அவர் ஊரில் இருக்கிறார். கையில் இருப்பது பேரப்பிள்ளையின் கைப்பேசி. ரொறன்ரோ அலுமாரியிலுள்ள வன்தட்டு அவரிடம் வரப்போவதில்லை. வந்தாலும் அந்தக் கோப்புகளை அவராற் திறக்க முடியாது.

கணக்கு மிக எளியது. நான்குக்கு ஆறு அங்குலப் படத்தை 600 புள்ளியில் வருடினால் 2400க்கு 3600 புள்ளிகள். வண்ணத்தில் ஏறத்தாழ 26 மெகாபைட். அத்தகைய படங்கள் பத்தாயிரம் என்றால் 260 கிகாபைட். அதே படங்களின் நீளப்பக்கத்தை 1200 புள்ளியாகக் குறைத்து 'ஜேபெக்' நகல் எடுத்தால், ஒன்றுக்கு 200 கிலோபைட் என்று வைத்தாலும் மொத்தம் 2 கிகாபைட்தான். விரல் நகத்தளவு நினைவட்டையில் ஊரே அடங்கிவிடும். முகத்தை அடையாளம் காண அந்த நகல் தாராளமாகப் போதும்.

இந்த முன்னோட்ட நகல் இன்று கண்டுபிடிக்கப்பட்ட விந்தையுமன்று. பிலிம் காலத்துப் பத்திரிகை அலுவலகங்களில் 36 படச்சுருளையும் துண்டுகளாக ஒரே தாளில் வைத்து அச்சிட்டு, அதிலே மெழுகுப் பென்சிலால் வட்டமிடுவார்கள். நெகடிவ் உறையை விட்டு வெளியே வராது. 'போட்டோ மெக்கானிக்' மென்பொருள் பத்திரிகைப் படப்பிடிப்பாளர்களிடையே பெயர் பெற்றதும் இதே வழியில்தான்: கமரா தன் பெருங்கோப்புக்குள் பொதிந்து வைக்கும் சிறு படத்தைக் கொண்டே அது வேகமாகக் காட்டுகிறது. அடோபி நிறுவனம் 2013இல் 'லைட்ரூம் 5'இல் இதை இன்னொரு படி கொண்டுசென்றது. மூலக்கோப்புள்ள வன்தட்டு இணைக்கப்படாதபோதும் 2540 புள்ளி நகலில் வேலை செய்து, பின்னர் மூலத்தோடு சேர்க்கலாம். உலகம் இவ்வாறிருக்க, நம்மவர்கள் 600 புள்ளியைச் சாதிச் சான்றிதழ் போலக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

எதிர்த்திசையில் தவறு செய்பவர்களும் உண்டு. முகநூலில் ஏற்றியாயிற்று, வட்ஸ்அப்பில் அனுப்பியாயிற்று என்று மூலப்படத்தைக் குப்பையில் எறிபவர்கள். அனுப்பும் வழியில் படம் சுருங்குகிறது. கோப்பின் பெயர் மாறுகிறது. உள்ளே எழுதிய குறிப்பு அழிகிறது. முன்னோட்ட நகலைக் கொண்டு நாளை ஒரு நூலுக்குப் படம் அச்சிட முடியாது. நகல் கேட்பதற்கு, மூலம் வைத்திருப்பதற்கு.

ஆகவேதான் எண் முக்கியம். மூலக்கோப்புக்கு 0412 என்றால் நகலுக்கும் 0412. அந்த எண்ணைக் கோப்பின் பெயரில் மட்டும் வைத்தாற் போதாது. நகலின் அடியில் வெள்ளைப் பட்டை விட்டு, படத்தின் பகுதியாகவே பதிக்க வேண்டும். அப்போது அது எத்தனை கைப்பேசி மாறினாலும், "412இல் மூன்றாவது ஆள் எங்கள் சின்னையா" என்று ஒருவர் தொலைபேசியிற் சொன்னால், குறிப்பு சரியான மூலத்தில் ஏறிவிடும்.

நகலைக் கொடுத்தாற் களவு போகும் என்பார்கள். 1200 புள்ளிப் படத்தைக் களவெடுத்து எந்த வியாபாரம் நடத்துவது? இன்னொரு அச்சம் உண்மையானது, அதை நான் ஏளனம் செய்யமாட்டேன்: யுத்தகாலப் படங்களில் உள்ள முகம் உயிரோடிருக்கும் ஒருவருக்கு ஆபத்தாகலாம். அதற்காகவே முதலில் நகல்களைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். எவற்றை நிறுத்தி வைக்க வேண்டும் என்பது, எதையும் பார்க்காமற் பூட்டி வைத்தவருக்கு எப்படித் தெரியும்? ஐயத்துக்குரிய ஐம்பது படங்களுக்காக ஐயாயிரம் திருவிழாப் படங்களையும் ஏன் சிறைவைக்க வேண்டும்? 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தின் பயன், எவரும் திறந்து படிக்கலாம் என்பதிற்றான் இருக்கிறது.

கைப்பேசியும் வேண்டாம் என்றால் காகிதம் இருக்கிறது. ஏ4 தாளொன்றில் எண்களுடன் ஆறு படம்; கண் மங்கியவருக்கு இரண்டு படம். சித்திரைப் பௌர்ணமி இந்திரவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து பலர் வல்வைக்கு வருகிறார்கள். அவர்களில் ஒருவர் பெட்டியில் ஐம்பது தாளும் நாலு பென்சிலும் கொண்டுபோய், முத்துமாரியம்மன் கோவிலடியில் உள்ள முதியவர்களிடம் கொடுத்து, இரண்டு நாள் கழித்து வாங்கி வரட்டும். வன்தட்டு அலுமாரியிலேயே இருக்கட்டும்.