விற்ற பிறகும் விடாத கை

பழைய சாமானைக் கண்டால் முகம் சுளிப்பது இப்போது ஒரு நாகரிகமாகிவிட்டது. அம்மி வழுக்கிப் போனால் அதை யாரும் குப்பையில் போட்டதில்லை, கொத்துகிறவரைக் கூப்பிட்டோம். பித்தளைப் பாத்திரம் களிம்பேறினால் ஈயம் பூசினோம். ஆனால், ஒரு லேப்டாப்பில் வைஃபை வேலை செய்யவில்லை என்று சொல்லிப் பாருங்கள்! கடைக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், படித்த மருமகன் எல்லோரும் ஒரே குரலில் உபதேசம் செய்வார்கள்: “பத்து வருஷம் ஆச்சா? தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க சார்!”

இந்த உபதேசத்தை நான் எதிர்க்கிறேன். பழமையின் மீதுள்ள பாசத்தால் அல்ல. அது பொய் என்பதால்.

லேப்டாப்புக்கு வயதாவது வேறு. அதன் வைஃபைக்கு வயதாவது வேறு. வைஃபை என்பது லேப்டாப்புடன் கூடப் பிறந்த அங்கமே அல்ல. 802.11 என்ற பொது விதிமுறை 1997-ல்தான் வந்தது. 1999-ல் வந்த 802.11பி வினாடிக்கு 11 மெகாபிட் வேகம் தந்தது. அந்நாளைய லேப்டாப்களில் பெரும்பாலானவற்றுக்குள் வைஃபை கிடையாது. வேண்டியவர்கள் பக்கவாட்டிலிருந்த பிளவில் பி.சி. கார்டு ஒன்றைச் செருகிக்கொண்டார்கள். பிறகு 2003-ல் 54 மெகாபிட் வேகத்துடன் 802.11ஜி, 2009-ல் 802.11என் என்று விதிகள் வளர்ந்தன. கார்டும் வெளியிலிருந்து யந்திரத்தின் வயிற்றுக்குள் குடிபோயிற்று. மினி பி.சி.ஐ., மினி பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ், எம்.2 என்று அதன் உருவம் மாறிக்கொண்டே வந்தது. இவை எல்லாவற்றுக்கும் ஒரு குணம் பொது: கழற்றலாம், வேறொன்றை மாட்டலாம். மாற்றுவதற்கென்றே செய்த பொருள் பழுதானதற்காக முழு யந்திரத்தையும் எறியச் சொல்வது, செருப்பு வார் அறுந்ததற்காகக் காலை வெட்டச் சொல்வது போல!

இது வெறும் தர்க்கம் அல்ல. எங்கள் வீட்டில் சமையல் செய்யும் அம்மாளின் மகள் கல்லூரியில் பி.காம். படிக்கிறாள். ஏதோ ஓர் ஆபீஸ் கழித்துப் போட்ட லேப்டாப்பை, தாய் 8,000 ரூபாய் சேர்த்து வாங்கிக் கொடுத்திருந்தாள். அதில் வைஃபை கார்டு செத்துவிட்டது. ரிச்சி தெருவில் ஒரு மெக்கானிக் நல்ல கார்டு ஒன்றை மாட்டினார். இரண்டு ஆன்டெனாக் கம்பிகள், இரண்டு திருகாணிகள். பத்து நிமிஷ வேலை. பொத்தானை அழுத்தியதும் கறுப்புத் திரையில் ஓர் ஆங்கில வாசகம் வந்தது: அனுமதியில்லாத கார்டு மாட்டப்பட்டிருக்கிறது, அகற்றவும். அதற்குமேல் யந்திரம் அசையவில்லை.

“வாங்கினது நாங்கதானே சார்? யாரோட அனுமதி?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

அந்தக் கேள்விக்குக் கம்பெனிக்காரர்கள் பதில் சொல்லட்டும்.

நடந்தது இதுதான். யந்திரம் கண் விழித்ததும் முதலில் ஓடுவது பயாஸ் என்கிற நிரல். அதற்குள் சில கம்பெனிகள் ஒரு பட்டியலை ஒளித்து வைத்தன. ஒவ்வொரு கார்டுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. அந்த எண் பட்டியலில் இருந்தால் வாசல் திறக்கும். இல்லாவிட்டால் யந்திரமே கிளம்பாது. கார்டு நல்லதா, கெட்டதா என்று அது பார்ப்பதில்லை. குலம் கோத்திரம் மட்டுமே விசாரிக்கிறது!

இதற்கு ஒரு சமாதானம் சொல்லுகிறார்கள். “கார்டு ரேடியோ அலை வீசும் சாதனம். அதையும் ஆன்டெனாவையும் சேர்த்தே அமெரிக்காவின் எஃப்.சி.சி. போன்ற அமைப்புகளிடம் அனுமதி வாங்குகிறோம். கண்ட கார்டை மாட்டவிட்டால் சட்டச் சிக்கல் வரும்” என்கிறார்கள். அலைக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே காலத்தில், அதே சட்டத்தின் கீழ், இப்படியொரு பட்டியல் இல்லாமலே லேப்டாப் விற்ற கம்பெனிகளும் உண்டே! அதுமட்டுமா? அந்தப் பெண்ணின் லேப்டாப்பிலேயே யு.எஸ்.பி. துளையில் கட்டைவிரல் நகமளவு வைஃபை அடாப்டரைச் செருகினோம். விலை 500 ரூபாய்க்கும் குறைவு. யந்திரம் ஒரு வார்த்தை பேசாமல் ஏற்றுக்கொண்டது. அதுவும் ரேடியோ அலைதானே வீசுகிறது? முன்வாசலில் சட்டம் பேசுகிறவர்கள் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்றால், காவல் காப்பது சட்டத்தை அல்ல, வியாபாரத்தை என்றே நான் முடிவு கட்டுகிறேன்.

“பழையதில் பாதுகாப்பு இல்லை” என்பது அடுத்த வாதம். இதில் பாதி உண்மை. ஆதி வைஃபையின் பூட்டான வெப் என்பதை உடைக்க முடியும் என்று 2001-லேயே ஆராய்ச்சியாளர்கள் காட்டிவிட்டார்கள். அதற்கு மாற்றாக 2003-ல் டபிள்யூ.பி.ஏ.வும், 2004-ல் டபிள்யூ.பி.ஏ.2-ம் வந்தன. ஆகவே, வெப் மட்டுமே அறிந்த புராதனக் கார்டை உபயோகிக்காதீர்கள். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு வழக்கமான ஆதரவு நின்றதும் மெய்தான். ஆனால் இந்த வாதம் எதை நிரூபிக்கிறது? கார்டை மாற்று, நிரலை மாற்று என்பதைத்தான்! புதிய அடாப்டர் புதிய பூட்டோடு வருகிறது. லினக்ஸ் பழைய யந்திரங்களிலும் இலவசமாக ஓடுகிறது. ஓட்டை இருக்கும் இடத்தை அடைக்காமல் வீட்டையே இடிப்பானேன்?

இடித்ததெல்லாம் எங்கே போகிறது? 2022-ம் ஆண்டில் மட்டும் உலகம் கழித்த மின்னணுக் குப்பை 6 கோடியே 20 லட்சம் டன் என்று ஐக்கிய நாடுகளின் அறிக்கை கணக்கிட்டிருக்கிறது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்தது 22.3 சதவிகிதம். மீதியில் ஒரு பகுதியை ஏழைகள் வெறுங்கையால் உடைத்து, எரித்து, அதன் புகையைச் சுவாசித்துப் பிழைக்கிறார்கள். நம்முடைய நாகரிகத்துக்கு அவர்களுடைய நுரையீரல் விலை!

உலகம் விழிக்காமல் இல்லை. 2022 டிசம்பரில் நம் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது. 2024-ல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்கென ஒரு சட்டமே இயற்றியது. ஆனால் வியாபாரி சட்டத்தைவிட வேகமாக ஓடுகிறான். இன்று பல மெல்லிய லேப்டாப்களில் வைஃபையைத் தாய்ப்பலகையோடு பற்றவைத்தே விற்கிறார்கள். பட்டியல்கூடத் தேவையில்லை, கழற்றுவதற்கே ஒன்றுமில்லை. மெல்லியது, அழகானது என்று நாமும் பூரித்து வாங்குகிறோம்.

காசு கொடுத்து வாங்கிய பொருளின் மீது விற்றவனுடைய கை நீங்கவில்லையென்றால், அதற்குப் பெயர் விற்பனை அல்ல, குத்தகை. குத்தகை என்று சொல்லிக் குத்தகைப் பணம் வாங்கினால் நான் சண்டைக்கு வரமாட்டேன். முழு விலையையும் வாங்கிக்கொண்டு குடியானவனாக நடத்தினால் வருவேன்.

வாசகர்களே, அடுத்த லேப்டாப் வாங்கும்போது நிறம், எடை, மினுமினுப்பு எல்லாவற்றையும் விசாரியுங்கள். கூடவே, “இதன் வைஃபை கார்டைக் கழற்றி வேறு மாட்ட முடியுமா?” என்று ஒரு கேள்வியும் கேளுங்கள். கடைக்காரர் விழிப்பார். பரவாயில்லை. நூறு பேர் கேட்டால் அவர் கம்பெனியைக் கேட்பார். லட்சம் பேர் கேட்டால் கம்பெனி பதில் சொல்லியாக வேண்டும்.