தறிக்குத் தமிழ்; கணினிக்குக் கடன்மொழியா?

வெள்ளகோவில் விசைத்தறியில் ஊடை அறுந்தால் தறி தானே நிற்கும். பாவு, ஊடை, விழுது, அச்சு என உறுப்புதோறும் தமிழ்ப்பெயர் உண்டு. பள்ளி மிதியாத நெசவாளியும் அப்பெயர்களாலேயே தொழிலை முழுதுணர்கிறான்.

அவன் மகனோ பொறியியல் கற்றுக் கணினிமுன் அமர்கிறான். மென்பொருள்கள் தமக்குள் உரையாடும் இடைமுகங்களைத் தானியங்கியாய் ஆய, பெங்களூரில் தோன்றிய போசுட்டுமேன் நிறுவனத்தின் ‘நியூமேன்’ என்னும் கட்டளைவரிக் கருவி உண்டு. ‘பெயில்’ என்று சேர்த்தால் முதற்பிழையோடு ஓட்டம் நிற்கும். ‘இட்டரேசன்-கவுண்ட்’ எத்தனை சுற்று என்பதைக் குறிக்கும். ‘ரிப்போர்ட்டர்சு’ அறிக்கையின் வடிவைக் குறிக்கும். முடிவில் 0 வந்தால் வெற்றி; பிழையிருப்பின் வேறெண்.

அறுந்ததும் நிற்கும் தறியைக் கண்டு வளர்ந்த பிள்ளைக்கு இக்கருத்து புதிதா? இல்லை, சொல்தான் அயல்! ‘பிழையில்நில்’, ‘சுற்றெண்’, ‘அறிக்கை’ என்றிருப்பின் நொடியில் விளங்கும். சொல்லை உருப்போடுபவன் ஏவலனாகவே நிற்பான். பொருளுணர்ந்தவனே படைப்பாளி ஆவான்.

முடியாதென்பார் உளர். நியூமேன் திறவூற்று நிரல். அதில் மாற்றுப்பெயர் சேர்க்கத் தடையில்லை. தமிழெழுத்து 1991இலேயே ஒருங்குறியில் ஏறிவிட்டது. ‘எழில்’ என்னும் தமிழ் நிரல்மொழியும் பிறந்துவிட்டது. எனவே குறை கருவியில் இல்லை; கல்வியில் இருக்கிறது. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் தமிழ்வழிப் பொறியியல் தொடங்கியபோது கட்டடவியலும் எந்திரவியலுமே இடம்பெற்றன, கணினியியல் விடப்பட்டது.

தமிழ்ப் பொறிஞர்களே! கட்டளைதோறும் தமிழ்ப்பெயர் சூட்டுங்கள். ஆசிரியர்களே! அப்பெயரால் கற்பியுங்கள். தறிக்குச் சொல் தந்த மொழி கணினிக்கும் தரும்; எடுத்தாளும் துணிவே வேண்டும்!