ஏரிக்கு காவல் யார்? பாலாற்றங்கரையில் தீராத இழுபறி!

ராணிப்பேட்டை: "ஏரி கோடி போச்சா?" மழைக்காலம் வந்தால் பாலாற்றங்கரை கிராமங்களில் முதலில் எழும் கேள்வி இதுதான். கோடி போனால் அந்த வருஷம் நெல்லுக்கு கவலை இல்லை. தோல் தொழில் பெருகிய பிறகு இன்னொரு கேள்வியும் சேர்ந்து கொண்டது. வந்தது எப்படிப்பட்ட தண்ணி?

மகேந்திரவாடி ஏரி பல்லவர் காலத்தது. 1850களில் வாலாஜா அருகே பாலாற்றில் அணைக்கட்டு கட்டிய வெள்ளைக்கார சர்க்கார், அங்கிருந்து கால்வாய் வழியே காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி ஏரிகளுக்கு தண்ணியை திருப்பியது. ஆனால் ஏரித் தண்ணியை வயலுக்கு வயல் பங்கு போட்டது ஊர்க்காரர்கள்தான். மதகு திறக்க, மடை மாற்ற நீர்க்கட்டி என்று தனி ஆள். கூலி ரூபாயில் அல்ல, களத்து மேட்டில் நெல்லாக! தூர் வார ஊரே கூடும். அதுதான் குடிமராமத்து. வேலைக்கு வராதவரிடம் பணம் வசூலிக்க 1858-லேயே சட்டம் வந்தது. ஊர்க் கட்டுப்பாடு அப்போதே ஆட்டம் கண்டிருக்கிறது போலும்.

பிறகு எல்லாம் கைமாறியது. 40 ஹெக்டேருக்கு மேல் பாசனம் உள்ள ஏரி பொதுப்பணித்துறைக்கு, சின்ன ஏரி ஊராட்சி ஒன்றியத்துக்கு என்றாகி விட்டது. 2017-ல் 10 சதவீத விவசாயிகள் பங்களிப்போடு குடிமராமத்து திரும்பி வந்தது. சங்கத்தின் பெயரில் காண்டிராக்டர்கள் புகுந்து விட்டதாக பல ஊர்களில் புகாரும் கூடவே வந்தது.

வண்டலை மண்வெட்டியால் அள்ளலாம். குரோமியத்தை என்ன செய்வது? ராணிப்பேட்டை சிப்காட்டில் மூடப்பட்ட குரோமேட் ஆலையில் லட்சம் டன்னுக்கு மேல் கழிவு குவிந்து, நிலத்தடி நீரும் கெட்டது. 2015 ஜனவரியில் சிப்காட் சுத்திகரிப்பு நிலைய கழிவுத் தொட்டி உடைந்து 10 தொழிலாளர்கள் பலியானார்கள். தொட்டியை எங்கே கட்டுவது, எவ்வளவு தேக்குவது என்பதில் எந்த கிராம சபைக்கும் பேச்சில்லை.

கோர்ட்டுக்கு போனதும் மக்கள்தான். வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடர்ந்த வழக்கில், மாசுபடுத்தியவரே நஷ்டஈடு தர வேண்டும் என்று 1996 ஆகஸ்ட் 28-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. பணம் முழுசாக வந்து சேரவில்லை. 2025 ஜனவரி 30-ல் மறுபடியும் உத்தரவு. பாக்கியை அரசு 6 வாரத்தில் கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலிக்க வேண்டும், ஓய்வு பெற்ற ஐகோர்ட்டு நீதிபதி தலைமையில் குழு போட வேண்டும் என்றது.

பாதிக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகளுக்கும் அந்த குழுவில் இடம் உண்டு. நஷ்டஈடு தொகையை விட பெரிய விஷயம் இதுதான். எந்த கிணறு எப்போது உப்பானது, எந்த ஓடையில் ராத்திரி கழிவு வந்தது என்று தெரிந்தவர்கள் உள்ளே உட்காரப் போகிறார்களா, அல்லது கையெழுத்து போட மட்டும் கூப்பிடப்படுவார்களா என்பதைத்தான் கரையோர கிராமங்கள் கவனிக்க வேண்டும்.